தாண்டுவதற்கு முந்தைய பலகை

விபத்தில் முறிந்த எலும்பு கூடிய பிறகும் ஹாரூனின் வலக்கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பயிற்சிக்காக மருத்துவமனையில் குழிகள் நிறைந்த பலகையும் குச்சிகளும் கொடுத்தார்கள். ஒரு குச்சி இன்னொன்றைத் தாண்டினால் தாண்டப்பட்டதை எடுத்துவிட வேண்டும். கடைசியில் ஒன்றே மிஞ்ச வேண்டும். அவனுக்கு எப்போதும் நாலைந்து மிஞ்சின. அன்று பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"லாத்தா, இங்கேருந்து வழி இருக்கான்னு உன் கம்ப்யூட்டர்ல பாரு. இல்லேன்னா இதை இனிமே தொடமாட்டேன்."

மென்பொருள் எழுதும் அவன் அக்கா நஸ்ரின் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். பலகையின் ஒவ்வொரு நிலையும் ஒரு புள்ளி, ஒவ்வொரு தாண்டலும் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு என்று வைத்து நிரல் எழுதினாள். அவள் பழகியிருந்த ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற நிரல் எழுதும் முறையில் எதையும் அழித்து மாற்றுவதில்லை. தாண்டும்போதெல்லாம் புதுப் பலகை பிறக்கும். பழையது அப்படியே இருக்கும். அவன் அன்று தாண்டியவற்றையெல்லாம் வரிசையாகக் கேட்டு நிரலில் ஏற்றினாள்.

நிரல் ஓடி முடிந்தது. அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மறைக்காம சொல்லு."

"இங்கேருந்து இல்லடா. கடைசியா தாண்டினியே, அதுக்கு முந்தின பலகையிலேருந்து இருக்கு."

"அதுதான் போயிடுச்சே?"

"போகல. இதோ இருக்கு பாரு."

அவள் திரையைத் திருப்புவதற்குள் அவன் இடக்கையை நீட்டி மடிக்கணினியை மூடினான்.

"வழி இருக்குன்னு தெரிஞ்சா போதும் லாத்தா. எதுன்னு நான் பார்த்துக்கறேன்."

கடைசியாக எடுத்துவைத்த குச்சியை வலக்கையால் பற்றி அதன் பழைய குழியை நோக்கிக் கொண்டுபோனான். அது நழுவித் தரையில் உருண்டது. நஸ்ரின் எழுந்தாள். அதற்குள் அவன் குனிந்துவிட்டிருந்தான்.