மூன்றாவது வரிசை

"மூணாவது வரிசையில ஒரு ஆள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான், பார்த்தியா?"

இடைவேளைக்குத் திரை இறங்கியதுமே ஸ்டாஃபன் பொரிந்தான். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக மாணவர்கள் போடும் கேலி இசை நாடகத்துக்கு அவன்தான் இயக்குநர். இன்று முதல் காட்சி.

"பார்த்தேன்" என்றாள் யோர்டிஸ். ரஷ்யப் பேரரசராக நடிப்பவள். கண்ணாடி முன் ஒட்டு மீசையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பு அடங்குதோ இல்லியோ, 'இன்னொரு தடவை'ன்னு கத்துறான். அதுவும் மரம் அறுக்கிற மாதிரி ஒரு குரல்!"

"கத்தட்டுமே. கேட்டா பாடணும், அதானே நம்ம வழக்கம்?"

வழக்கம்தான். ஆனால் அதே மெட்டுக்கு அங்கேயே புது வரி கட்டிப் பாட வேண்டும். பாடியதையே பாடினால் அரங்கம் ஊளையிடும். பேரரசர் பாடும் மொஸார்ட் மெட்டுக்கு மூன்று சரணம்தான் எழுதி வைத்திருந்தார்கள். யோர்டிஸ் ஏழு பாடிவிட்டாள்.

"உன்னைத் திணறடிக்கணும்னே வந்திருக்கான். ஆளை வெளியே அனுப்பச் சொல்றேன்."

"அவர் வெளியே போனா நானும் போயிடுவேன். பேசாம இருடா."

இரண்டாம் பாதியிலும் அந்த ஆள் விடவில்லை. மூன்று முறை சமாளித்தவள், நான்காம் முறை நின்றுவிட்டாள். வயலின்கள் முன்னிசையை இரண்டு தரம் வாசித்தன. சட்டென்று ஒரு புது வரியில் துணைவேந்தரின் ஓட்டைச் சைக்கிளைப் பேரரசர் கப்பமாகக் கேட்டார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் துணைவேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஆள் மட்டும் அப்போதும் மேடைப் பக்கம் திரும்பவில்லை.

நாடகம் முடிந்ததும் ஸ்டாஃபன் குதித்து இறங்கி அவரை மறித்தான்.

"பிடிக்கலைன்னா கிளம்பிப் போக வேண்டியதுதானே சார்? அவ உசிரைக் கொடுத்துப் பாடுறா. நீங்க முதுகைக் காட்டுறீங்க!"

அறுபது வயதிருக்கும். அவனைப் பார்த்துச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

அதற்குள் யோர்டிஸ் ஓடி வந்தாள். வாய் திறக்காமல் காற்றில் விரல்களை அசைத்தாள். அவர் விரல்களும் பரபரவென்று நீளமாக எதையோ சொல்லின.

"எங்கப்பாடா" என்றாள், நிமிர்ந்து நின்று. "பிறவியிலேயே காது கேக்காது. 'உன் பாட்டைத்தான் கேக்க முடியாது, நீ சிரிக்க வச்ச முகங்களையாவது ஆசை தீரப் பார்க்க வேணாமா'ங்கிறார்."