ஆறாம் நம்பர் ஆர்மோனியம்

“ஙொய்ய்ய்ங்… டக்! ஙொய்ய்ய்ங்… டக்!”

ராத்திரி ஏழரை மணி. நதியா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

பேயோ? பேய் ‘டக்’ என்று சொல்லுமா?

பேயே கிடையாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது பகலுக்குச் சரி. கணவன் ராபின் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு அது செல்லாது.

தொட்டிலில் நாலு மாதக் குழந்தை வீறிட்டது. பத்து நாளாக இதே பாடு. இருட்டினால் அழுகை. தூக்கம் கெட்ட நதியா, நேற்று ரசத்தில் சர்க்கரையைப் போட்டிருந்தாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சத்தம் எதிர்வீட்டுச் சாமியப்பனிடமிருந்து!

பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தால் நதியா பேனாவை எடுப்பாள். ‘சத்தத்தில் என் குழந்தையால் தூங்க முடியாது’ என்று முத்து முத்தான கையெழுத்தில் அவள் எழுதிய மனுவால்தான், பக்கத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியின் ஆறு மெஷினும் பத்து நாளைக்கு முன் சாமளாபுரத்துக்கு லாரி ஏறின.

இன்றும் எழுதினாள். முதல் கையெழுத்து, வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள்.

“எனக்கும் பத்து நாளாப் பொட்டுத் தூக்கமில்ல கண்ணு. எல்லாம் இந்த மனுசன் பண்ற வேலை!”

“சத்தம் இன்னைக்குத்தானக்கா வருது?”

“இத்தன நாளும் சத்தமில்லாமப் பண்ணீருப்பான்!”

சந்தில் மற்ற ஆறு வீடும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டன.

தோளில் குழந்தையும் கையில் மனுவுமாகப் போய் நின்றாள் நதியா. “என்ன அண்ணாச்சி இது? பிள்ளை தூங்க வேண்டாமா?”

“வாங்க அம்மிணி. சுருதி இன்னும் சேரலீங்க” என்றார் சாமியப்பன், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு.

எதிரே ஒரு பழைய ஆர்மோனியம். ஒரு காலத்தில் முருகன் கோயில் பஜனையில் அவர் வாசித்தது. எலி கடித்த துருத்தியில் ரெக்சின் ஒட்டியிருந்தார். ஓவர்லாக் தையல் மெஷின் மோட்டார் ஒன்று துருத்தியை இழுத்துக்கொண்டிருந்தது. ரப்பர் பேண்டு போட்டு இரண்டு கட்டைகளை அமுக்கியிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கம்பி வந்து பலகையில் தட்டியது. டக்!

“இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?”

“பாப்பாவுக்குத்தானுங்க! வயித்துல இருந்த நாள்ல இருந்து மெஷின் சத்தத்துலயே வளந்த புள்ளைங்க. பொசுக்குனு நிறுத்துனா எப்படிங்க தூங்கும்? உங்க ஊட்டுச் செவத்துக்கு அந்தப்பக்கம் ஓடுனது ஆறாம் நம்பர். அந்தச் சத்தத்தைத்தான் புடிக்கப் பார்க்கறேனுங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது வருசம் அங்கதானுங்களே ஃபிட்டரு.”

நதியா மனுவைக் கீழே இறக்கினாள். “அப்போ… இப்போ வேலை?”

“இந்த வயசுல தெனமும் சாமளாபுரம் போய்வர முடியுங்களா? ஊட்டுலதான். அதான் இதையாவது நோண்டலாம்னு…”

பேசிக்கொண்டே ஒரு திருகாணியை முடுக்கினார்.

“ஙொர்ர்ர்… டக டக டக டக…”

அழ வாயைத் திறந்த குழந்தை, திறந்த வாயை மூட மறந்து, அப்படியே அவள் தோளில் சரிந்து தூங்கிப்போனது.

“ஆறாம் நம்பரே தானுங்க!” சாமியப்பன் தொடையைத் தட்டிக்கொண்டார். “உங்க ஊட்டுலயே வெச்சுத் தாரேன். பலகைதான் ஒரு பக்கம் ஆடுதுங்க. அந்தக் காகிதத்தை நாலா மடிச்சுக் குடுங்க, முட்டுக் குடுத்துக்கலாம்.”

அவர் அதைப் படித்துவிட்டாரா என்று கேட்க நதியாவுக்குத் தைரியம் வரவில்லை. மடித்துக் கொடுத்தாள்.

எட்டரை மணிக்கு ஆர்மோனியம் அவள் வீட்டில் டகடகவென்று ஓடியது. சாமியப்பன் கிளம்பிய கையோடு சுப்பாத்தாள் உள்ளே வந்தாள், கக்கத்தில் தலையணை.

“தனியா இருப்பியேன்னு தொணைக்கு வந்தேன் கண்ணு.”

துணை, இரண்டே நிமிஷத்தில் ஆறாம் நம்பரை மிஞ்சிக் குறட்டை விட்டது.

நதியா வெளியே எட்டிப் பார்த்தாள். சந்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லார் கக்கத்திலும் பாய்.

மனுவில் மிச்சம் ஆறு கையெழுத்து.

அவர்கள் வாசலை எட்டுவதற்குள் நதியா கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.