நாலு இழை எலாஸ்டிக்

இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

இனி அந்தக் கை கிடையாது. வலக்கை மட்டும்தான்.

தையல் மிஷின் மேல் ஒரு பொம்மைத் துப்பாக்கி கிடந்தது. மேலே உள்ள கட்டையை ஒரு கையால் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, இன்னொரு கையால் விசையை அழுத்தினால், ரப்பர் முனை வைத்த குச்சி பாயும். ஐந்து வயதுக்கு மேல் யார் வேண்டுமானாலும் சுடலாம் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

யார் வேண்டுமானாலுமாம்! இரண்டு கை வேண்டும் என்று அந்த அட்டைப் பெட்டியில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

மகள் மிருதுளாவுக்கு எட்டு வயது. பிறக்கும்போதே இடக்கை முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடையோடு நின்றுவிட்டது.

தெருவில் தினமும் ஐந்து மணிக்குத் திருடன் போலீஸ் விளையாட்டு. லீவுக்கு வந்திருக்கும் பெரியம்மா மகன் தர்ஷன் வைத்ததுதான் சட்டம். துப்பாக்கியை இழுத்துப் பூட்ட முடிந்தவர்கள் போலீஸ். மிருதுளா பத்து நாளாகத் திருடி.

தர்ஷன் கெட்டவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் நானே இழுத்துத் தருகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் வீட்டுக்கு வந்து, இனி விளையாடப் போகப்போவதில்லை என்றாள்.

அழவில்லை. அவள் அழாததுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

மணி இரண்டு. ஐந்துக்குள் இந்தத் துப்பாக்கிச் சனியனை வழிக்குக் கொண்டுவராமல் எழுந்திருப்பதில்லை.

துப்பாக்கியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நாலு திருகாணியைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஸ்பிரிங். ஒற்றைக் கையால் என்ன முக்கியும் அசைந்து கொடுக்கவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றித் தூக்கி எறிந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது எலாஸ்டிக். பதினான்கு வருடத் தையல். எது எவ்வளவு இழுக்கும், எங்கே தொய்யும் என்று அவள் விரலுக்குத் தெரியும்.

ஸ்பிரிங் இருந்த இடத்தில் இரண்டு இழை போட்டாள். குச்சி காலடியில் விழுந்தது.

மூன்று இழை. பீரோ வரை போனது. அதற்கு மேல் போட்டால் விரல் தாங்காது.

கட்டையை இழுக்க ஒரு கொக்கி வைத்தாள். அதை ஜன்னல் கம்பியில் மாட்டித் துப்பாக்கியை முன்னே தள்ளினால், டக்கென்று பூட்டிக்கொண்டது.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓடுகிற திருடனைக் கொஞ்சம் நில்லப்பா என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் தேடவா முடியும்?

இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, கொக்கியை அதில் மாட்டிப் பார்த்தாள். அவளுக்கு வந்தது. மிருதுளா தூங்கி எழுந்து வந்து செய்தபோது, பெல்ட் மேலேறி அக்குளுக்கே வந்துவிட்டது.

"ஏம்மா கைய ஒளிச்சு வெச்சிருக்கே?"



மிருதுளா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துப்பாக்கியை வலக்கையில் பிடித்தாள். இடக்கை நுனியைக் கட்டைமேல் வைத்துத் தோளோடு சேர்த்துப் பின்னுக்கு அழுத்தினாள்.

பாதி வந்தது.

அப்புறம் வழுக்கிவிட்டது.

பாதி வந்ததையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதும்போது நோட்டை அமுக்கிக்கொள்வது அந்தக் கை. டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொள்வது அந்தக் கை. குளியலறைத் தாழ்ப்பாளை மேலே தள்ளுவதும் அதுதான். நாள் முழுக்க வேலை செய்கிற கையை, பெற்றவள் கிடையவே கிடையாது என்று முடிவுகட்டி முதுகுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. தன்னையே பளாரென்று ஒன்று வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கையை வெளியே எடுத்தாள். மரத்துப்போயிருந்தது. உதறிவிட்டு டேப்பை எடுத்தாள்.

நுனியின் சுற்றளவு ஆறு இன்ச். இறுக்காமல் இருக்க அரை இன்ச். ஆழம் மூன்று.

பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு சின்னப் பை தைத்தாள். கோணி ஊசியால் துளைபோட்டு, அதைக் கட்டையோடு கம்பியால் இறுக்கினாள். விரல் பிடிப்பதற்காகக் கட்டையில் இருந்த மேடுகள் மகளின் கையைக் கீறின. அரத்தால் ராவி வழவழப்பாக்கினாள்.

மிருதுளா கையைப் பைக்குள் நுழைத்தாள். பின்னுக்கு இழுத்தாள்.

டக்.

இன்னொரு தடவை. டக்.

மூன்று இழை என்பது விரலுக்குப் போட்ட கணக்கு. இழுப்பது தோள். நாலாவது இழையையும் போட்டாள்.

மணி ஐந்தே கால். மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள்.

கீழே மிருதுளா ஓடினாள். ஓடிக்கொண்டே கையை நுழைத்து இழுத்தாள். குச்சி தர்ஷனின் காதோரம் போய், தெருமுனையில் நின்ற பால் வண்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

தர்ஷனின் துப்பாக்கிக் குச்சி அதில் பாதித் தூரம்கூடப் போகாது.

அவன் அவளுடைய துப்பாக்கியைக் கேட்டு வாங்கினான்.

பையை விரலால் பிடித்து இழுத்தான். நழுவியது. கட்டையைப் பிடித்தான். வழுக்கியது. கையையே பைக்குள் விட்டான். கட்டைவிரல் இடித்தது. மடக்கிக்கொண்டு இழுத்தான். மணிக்கட்டுதான் வளைந்தது. கட்டை அசையவில்லை.

மறுபடி. மறுபடி. முகம் சிவந்துவிட்டது அவனுக்கு.

யாரோ சிரித்தார்கள். மிருதுளா சிரிக்கவில்லை. பக்கத்தில் போய், அவன் கையைப் பையிலிருந்து மெல்ல விடுவித்துவிட்டாள்.

"உனக்குக் கை நீளம்ணா. அதான் வரல."

தர்ஷன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.