வாசலில் ஒரு வெள்ளோட்டம்

சாதி விட்டு மணந்த மகள் உமையாளை மன்னிப்பதா என்று முடிவெடுக்க, வயிரவன் செட்டியார் தினமும் வெள்ளோட்டம் பார்த்தார். சாயங்காலமானால் வாசலில், இயந்திரம் ஒளியால் வரையும் அவள் உருவம் தோன்றும். ஒரு நாள் கடிந்து பேசிப் பார்ப்பார், மறுநாள் தணிந்து. உருவம் அவரை 'ஐயா' என்றே அழைக்கும். பெற்ற மகளைப் போல 'அப்பச்சி' என்று ஓர் இயந்திரம் கூப்பிடுவதற்கு அவர் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

அன்று கடிந்து பேசும் முறை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே? நான் செத்தாலும் இந்தப் படி ஏறாதே!"

அவள் தலைகுனிந்தாள். "சரி அப்பச்சி. ஒடம்பப் பாத்துக்கங்க."

படியிறங்கிப் போனாள். இயந்திரத்தை அணைக்கப் போனவருக்கு அப்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. வேட்டி தடுக்கத் தெருவுக்கு ஓடினார்.

"ஆத்தா, அது வெள்ளோட்டந்தான் ஆத்தா!"

அவள் ஏறிய கார் தெருமுனை திரும்பிவிட்டிருந்தது.