கோள் சொல்லும் களிம்பு

ஒன்றரை வயது மகன் நிலவனின் கரப்பான் சொறிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைப் பூங்கோதை முதல் நாளே நம்பவில்லை. தோலில் தடவினால் போதும், சூடு, சொறிந்த கீறல், கை பட்ட தடம்வரை ஆஸ்பத்திரிக்கு அதுவே சொல்லிவிடுமாம். இது மருந்தா, உளவாளியா? வீட்டில் நடப்பது வீட்டோடு இருக்கட்டும் என்று நினைப்பவள் அவள்.

தடவாமல் விட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிடும். அதனால் பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெயைப் பூசிவிட்டு, களிம்பைத் தன் கையில் தேய்த்துக்கொண்டாள். நிலவன் சொறிந்துகொண்டேதான் இருந்தான். ஆனால் நர்ஸ் போனில், "நல்லா ஆறிட்டு வருதும்மா" என்றாள். பூங்கோதைக்கு உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது.

சனிக்கிழமை காலையில் அதே நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

"அம்மா, நேத்து சாயந்தரம் பிள்ளை கையை யாரோ புடிச்சு முறுக்கியிருக்காங்க. அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?"

எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த கணவன் சேந்தன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு போன்ல?"

சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிடப் போன பூங்கோதை பாதியில் நிறுத்தினாள்.

"இருக்காரு சிஸ்டர்" என்றாள். "ஆனா அது பிள்ளை கை இல்ல. என் கை."