ஒரு பல் தள்ளி

லாரிக்கு அடியிலிருந்து பழனியப்பன் தவழ்ந்து வெளியே வந்தபோது, சார்ஜன்ட்டின் பூட்ஸ்தான் முதலில் கண்ணில் பட்டது.

சாயங்காலத்துக்குள் லாரியின் நடுக்கம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சயாம் ரயில் வேலைக்கு உன்னையே ஏற்றிவிடுவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தான் அந்த ஜப்பான்காரன்.

சயாமுக்குப் போனவன் எவனும் இன்னும் பட்டறை இருக்கும் ஜெலுத்தோங்குக்குத் திரும்பவில்லை.

சுங்கை பாக்காப் ரப்பர்த் தோட்டங்களில் அந்த ரயில் வேலைக்கு ஆள் அள்ளுவதற்கென்று, சேற்றில் ஏறும்படி உயர்த்திக் கட்டிய லாரி. பின் அச்சு வேறொரு லாரியுடையது. எஞ்சினிலிருந்து அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாப்டை வெட்டி, நீளம் கூட்டி, நேற்றுப் பூட்டியவன் முகம்மது கனி. அதே பட்டறையில் கூட வேலை செய்பவன்.

சேற்றில் ஊர்ந்தால் ஒன்றுமில்லை. நல்ல ரோட்டில் வேகம் பிடித்தால் பலகையெல்லாம் தடதடத்தது.

ஷாப்டைச் சுழலவிட்டுச் சுண்ணக்கட்டியை ஒட்டிப் பிடித்துப் பார்த்தாயிற்று. சுற்றிலும் ஒரே சீரான கோடு. வளைவில்லை. பிறகு, ஷாப்டின் இரண்டு துண்டும் பல்லோடு பல் கோத்து நிற்கும் நடு இணைப்பையும் அடியில் கிடந்தபடியே தடவிப் பார்த்திருந்தான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"பேரிங்கு தேஞ்சிருக்கும்ணே," என்றான் கனி, கேட்பதற்கு முன்பே. "இந்தச் சண்டையில புதுசுக்கு எங்க போறது? முடியாது லா, சொல்லிடுங்க."

பூட்ஸ் ஓரடி முன்னால் வந்தது.

"பேரிங்கா? கண்ணு பொட்டையாடா ஒனக்கு? ஒரு பல்லு தள்ளிப் பூட்டியிருக்க. ரெண்டு முனையும் நேரா இல்லாட்டி ஆடாம என்ன செய்யும்?"

கழற்றினான். ஒரு பல் திருப்பினான். பூட்டினான்.

ஓட்டிப் பார்த்த சார்ஜன்ட் சிரித்துக்கொண்டே இறங்கினான். முதலில் பூட்டியது யார் என்று மலாயில் கேட்டான்.

பழனியப்பன் வாயைத் திறக்கவில்லை. கனியைப் பார்க்காமலாவது இருந்திருக்கலாம். பார்த்துவிட்டான்.

அதே லாரியில்தான் கனியை ஏற்றினார்கள்.

நடு இணைப்பில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். நேருக்கு நேர் வைத்துப் பூட்ட வேண்டியதுதான், தப்பவே முடியாது. அதில் ஒன்றை அரம் போட்டு ராவி அழித்திருந்தது. புதுப் பளபளப்பு. விரல் நின்ற இடம் அதுதான். வெளியே வருவதற்கு முன்பே பழனியப்பன் அதன்மேல் கிரீஸை அப்பி மறைத்திருந்தான். கனிக்கு அவன் செய்தது அவ்வளவுதான்.

லாரி கிளம்பியது. பின்பலகையைப் பிடித்து நின்ற கனி, ரோட்டு முனை திரும்பும்போது கத்தினான்.

"ஒரு ஆட்டம் இல்லண்ணே! நல்லா ஓடுது!"