ஐந்தாவது ஏன்

காலை 6.26. பென்னலூர் நிறுத்தம். காரில் நான்கு பயணிகள். ஓட்டுநர் நாகப்பன் கியரைப் போட்டார். கரகரவென்று சத்தம் வந்ததே தவிர, விழவில்லை.

“இன்னிக்குமா?” என்றான் முன்சீட்டில் இருந்த சுபாஷ்.

“மக்கர் பண்ணுதுப்பா. ரெண்டு நிமிசம் இரு.”

“அண்ணாச்சி, இது காரா, தேரா? எறங்கி வடம் புடிக்கணுமா?” என்றார் பின்னாலிருந்த பிச்சையா. திருநெல்வேலிக்காரர்.

“புடி. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

ஒரகடத்தில் ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிற ஐந்து பேர் சேர்ந்து பேசி வைத்திருந்த கார் அது. இரண்டு வாரமாகத் தினமும் இதே கதை. பென்னலூருக்கு வந்து நிற்கும்வரை ஒழுங்காக ஓடும். கிளம்பும்போது கியர் விழாது.

மற்றவர்களுக்கு எரிச்சல். சுபாஷுக்கு அதைவிடப் பெரிய கவலை. அவனுக்கு இந்தக் காலாண்டில் ஏற்கெனவே இரண்டு லேட். மூன்றாவது விழுந்தால் பணி நிரந்தரப் பட்டியலில் பெயர் வராது. அடுத்த பட்டியலுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அவன் வேலை பார்ப்பது கியர்பாக்ஸ் செய்யும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில். அங்கே எந்தக் கோளாறு வந்தாலும் ஒரு தாளை எடுத்து ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் மூல காரணம் அகப்பட்டுவிடும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது.

கோபத்தில் இந்தக் காருக்கும் அப்படி ஒரு தாள் போட்டிருந்தான்.

ஏன் கியர் விழவில்லை? கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஏன்? பெடல் முழுதாக இறங்கவில்லை. ஏன்?

அதற்கு மேல் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் இன்று முன்சீட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தான்.

பிச்சையா இறங்கிப் போய் டீக்கடை ஓரம் நின்றார். “நீயே பாரு சுபாஷு. இதுக்குத்தானே கம்பெனி உனக்கு ட்ரெய்னிங் குடுத்துது” என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டுச் சந்திரலேகா இறங்கினாள். நான்காவது ஆளும் இறங்கினார்.

சுபாஷ் குனிந்து நாகப்பனின் காலைப் பார்த்தான். இடது கால் கிளட்சைப் பாதிதான் மிதித்திருந்தது.

“அண்ணா, முழுசா மிதிங்க.”

நாகப்பன் மிதிக்கவில்லை. கண்ணாடியில் தெருமுனையைப் பார்த்தார்.

“வேணும்னேதான் பண்றீங்களா?”

“கத்தாதப்பா.”

“எனக்குப் பர்மனென்ட் போயிடும்ணா. ஏன் இப்படிப் பண்றீங்க?”

“கனகம் வரணும்.”

கனகம் ஐந்தாவது பயணி. வயர் தொழிற்சாலையில் வேலை. தினமும் கடைசியில் ஓடி வந்து, “நல்லவேளை, கியர் விழலையா?” என்று கேட்டபடி ஏறுவாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

“அவங்க ஏன் நேரத்துக்கு வர மாட்டேங்கிறாங்க?”

“அவ வூட்டுக்காரனுக்கு நைட் ஷிஃப்டு. அவன் பஸ்சு ஆறரைக்குத்தான் இங்க வரும். அவன் வந்து கொழந்தைய வாங்கினாத்தான் இவ கெளம்ப முடியும். ரெண்டு வயசுக் கொழந்த. வேற யாரும் கெடையாது.”

“நாலு நிமிஷம் நிக்கச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே?”

“ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒரு நாளு கேட்டுச்சே. நாமதான் அன்னிக்கு வுட்டுட்டுப் போயிட்டோம். மறுநாளு டயத்துக்கு வந்து ஏறுச்சு, ஞாபகம் கீதா? உங்கள எறக்கிவிட்டுட்டுத் திரும்பி வரேன், அது வூட்டாண்ட ஒரே கூட்டம். வெளில பூட்டு. உள்ள கொழந்த கத்திகினு கீது. அவன் பஸ்சு அன்னிக்கு லேட்டு.”

சுபாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சரி, கொழந்த விஷயத்த நீங்க எங்ககிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?”

“சொன்னா இன்னா ஆவும்? யாருக்காவும் ரெண்டு நிமிசத்துக்கு மேல நிக்கக் கூடாதுன்னு வாட்சப்புல ரூலு கீது.”

அந்த விதியை எழுதிப் போட்டவன் சுபாஷ். கீழே நான்கு பேர் கட்டை விரல் காட்டியிருந்தார்கள். ஒன்று கனகத்தினுடையது.

“என்னப்பா, கண்டுபுடிச்சியா?” என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார் பிச்சையா.

சுபாஷ் மணி பார்த்தான். 6.29.

“கிளட்ச் கேபிள். லூசா இருக்கு” என்று இறங்கிப் போய் பானட்டைத் திறந்தான். உள்ளே எதையோ முறுக்குவதுபோல் குனிந்து நின்றான். 6.33-க்குக் கனகம் ஓடி வந்து ஏறிய பிறகு மூடினான். கியர் விழுந்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சுபாஷ் தொழிற்சாலை வாசலில் வருகைக் கார்டைத் தேய்த்தபோது 7.03.

“காரணம்?” என்றார் சூப்பர்வைசர் சசிரேகா.

“வந்த கார்ல கியர் விழல மேடம்.”

“கியர்பாக்ஸ் கம்பெனில வேலை பாக்குறவன் சொல்ற காரணமா இது?”

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அன்று மாலை வாட்ஸப் குழுவில் அவன் போட்ட செய்தி: ‘நாளை முதல் மற்ற நிறுத்தங்களில் இரண்டு நிமிடம். பென்னலூரில் 6.33 வரை நிற்கும்.’

‘அப்ப கியரு?’ என்று கேட்டிருந்தார் பிச்சையா.

‘இனிமே விழும்.’

ஏப்ரல் 7-ஆம் தேதி நிரந்தரப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பதினோரு பெயர்கள். சுபாஷ் பெயர் இல்லை.